பதினேழாம் தாள்

எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாளாவது கீரை இருக்கும், மேடம். என் மனைவி நீரஜா மசியல் கடைந்தால் அபிராமபுரம் முழுக்க மணக்கிறது என்று எதிர் ஃபிளாட்காரர்கள் கேலி செய்வார்கள். காலையில் தெற்கு மாட வீதி வரை நானே நடந்து போய், கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்கி வருவேன். இலையைப் பார்த்தே எந்தப் பக்கத்து மண் என்று சொல்லிவிடுவேன். கடைக்காரம்மா என்னிடம் பழைய கட்டைத் தள்ளிவிடப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

நீங்கள் ஸ்டேஷனில் காகிதத்தைக் கொடுத்து, அவசரமில்லை, நடந்ததை நடந்தபடி உங்கள் கைப்பட எழுதுங்கள் என்று சொன்னீர்கள். முப்பத்தோரு வருடம் மாணவர்களின் செய்முறைப் பதிவேட்டைத் திருத்தியவன் நான். ஒழுங்காகவே எழுதுவேன்.

என் பெயர் சந்திரமௌலி. வயது ஐம்பத்தொன்பது. மயிலாப்பூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு வேளாண் அறிவியல் ஆசிரியர். மயிலாப்பூரில் என்ன விவசாயம் என்று நீங்களும் சிரித்தீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பள்ளிக் கலையரங்கத்தின் பின்சுவருக்கும் மாநகராட்சிக் கழிப்பிடத்துக்கும் நடுவே எட்டு சென்ட் நிலம் இருக்கிறது. அதில் ஐந்து பாத்தி, இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, பத்துப் பன்னிரண்டு கோழி. ஆட்டின் காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் வில்லையைப் பார்த்து, இது விலைச்சீட்டா சார் என்று கேட்ட மாணவன் ஒருவன் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கால்நடைகளையும் களைகளையும் நான் சொல்லிக்கொடுத்தேன்.

களைப் பாடம் எப்போதும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும். வேண்டாத இடத்தில் முளைத்த செடி களை. களைக்கென்று தனி இனம் கிடையாது. நெல் வயலில் முளைத்தால் கேழ்வரகும் களைதான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பாத்தியை எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்த நிமிடம் அது.

தொண்ணூற்றெட்டில் நான் ஒரு களைத் தொகுப்பு தயாரித்தேன். ஒவ்வொரு செடியையும் வேரோடு பிடுங்கி, செய்தித்தாளுக்குள் வைத்துக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே பெயரும் பயனும் என் கையெழுத்தில். மொத்தம் நாற்பது தாள். அதை வைத்து ஒரு கையேடும் அச்சாயிற்று. தொழிற்பிரிவு இருக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் அது போயிருக்கிறது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. வாழ்க்கையில் என் பெயர் அச்சில் வந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

பதினேழாம் தாளில் உள்ள செடியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்தக் காகிதம் யார் கைக்காவது போய், அவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது. அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு. தாளின் கீழே நான் எழுதியிருந்தது இதுதான்: கீரையாகச் சமைக்கலாம். கால்நடைகள் விரும்பி உண்ணும்.

போன ஜூனில் மதுமதி என்ற பெண் இரண்டாவது ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். அப்பாவுக்குத் தி.நகரில் பாத்திரக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வேளாண்மையில் பட்டம் வாங்கியவள். நல்ல பெண், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜூலை முதல் வாரம், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து, கதவை லேசாகச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பதினேழாவது தாள்ல இருக்கறது நீங்க எழுதியிருக்கற செடி இல்லயோன்னு தோணுது. அதே மாதிரியே இருக்கற இன்னொண்ணு. அது ஈரலைக் கெடுக்கும்னு படிச்சிருக்கேன்."

"ஆடு திங்கறதை நான் கண்ணால பார்த்திருக்கேன்மா" என்றேன்.

"அப்படியா சார். அப்ப நான்தான் தப்பா இருப்பேன். எதுக்கும் பூ வரட்டும். பூவைப் பார்த்தா உறுதியாத் தெரிஞ்சிடும். யூனிவர்சிட்டிக்கு அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம்."

நான் சொன்னது பொய். எங்கள் தோட்டத்தில் வேலியோரமாக அந்தச் செடி வருடா வருடம் முளைக்கும். ஆடுகள் அதன் பக்கத்தில் போய் முகர்ந்து பார்க்கும், தும்மும், திரும்பிக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன். நகரத்து ஆடு, போஸ்டர் தின்று நாக்குக் கெட்டுப்போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் பயந்த சுபாவம், மேடம். இதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். வரும் மே மாதம் எனக்குப் பணி ஓய்வு. விழாவில் கையேட்டின் புதிய பதிப்பை வெளியிடுவதாகத் தலைமையாசிரியர் அறிவித்திருந்தார். பதினேழாம் தாள் தவறென்றால் மேடையில் நான் எப்படி நிற்பேன்? ஆசிரியர் அறையில் கைக்குப் பின்னால் சிரிப்பார்கள். களை தெரியாத களை வாத்தியார் என்பார்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீரஜா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜுரமெல்லாம் இல்லயே" என்றாள்.

பூ வருவது மழைக்குப் பிறகுதான், அக்டோபர் ஆகிவிடும். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். மதுமதிக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சரியாக இருந்தால் நிம்மதி. தவறாக இருந்தால் ஓசைப்படாமல் தாளை மாற்றிவிடலாம். இதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார் என்றுதான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டில் சோதிக்க முடியாது. ஒன்று, அது தின்னாது, ஆடு பிடிவாதக்கார ஜீவன். இரண்டாவது, பள்ளி ஆட்டுக்குக் காதில் எண் இருக்கிறது, இருப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒரு குட்டி பிளாஸ்டிக் பையை விழுங்கிச் செத்துப்போனது. கால்நடை மருத்துவர் வந்து வயிற்றை அறுத்துப் பார்த்து அறிக்கை எழுதினார். நான் மூன்று மாதம் விளக்கக் கடிதம் எழுதினேன். கன்றுக்குட்டியும் அப்படித்தான். கோழி அந்த இலையைக் கொத்தாது.

முத்துலட்சுமி எங்கள் பள்ளியைப் பெருக்குகிறவள். பள்ளிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று அவளை அனுப்பியிருந்தது. எங்கள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் மகளோடு இருந்தாள். நாற்பத்து நான்கு வயது. காலை ஆறரைக்கு வந்து முதலில் ஆட்டுக் கொட்டிலைத்தான் கூட்டுவாள். ஆடுகளை நைனா என்று கூப்பிடுவாள். அவள் குரல் கேட்டால் இரண்டும் கயிறு அறுந்துபோகிற மாதிரி இழுத்துக்கொண்டு வரும். வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. குழாயடியில் மதுமதியோடு, வாசலில் காவலாளியோடு, யாரும் இல்லாவிட்டால் கன்றுக்குட்டியோடு பேசிக்கொண்டே இருப்பாள்.

நான் களை பிடுங்கிப் போடுவதைப் பார்த்து அவளேதான் ஒருமுறை கேட்டாள். "இன்னா சார், இம்மாம் பச்சையா கீது, புடுங்கிப் போடுறீங்களே. இதுல துன்றது எதுனா கீதா?"

ஜூலை இரண்டாவது வெள்ளிக்கிழமை, வேலியோரத்துச் செடியைக் காட்டி, இது நல்ல கீரை, உடம்புக்குக் குளிர்ச்சி என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்" என்று முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

ஆடு கேட்காததை அவள் கேட்டாள். ஒரு சோதனைக்கு இதுதான் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கட்டு கொடுப்பேன். வாரத்துக்கு ஒன்று. அவளுக்கு ஸ்நேஹா என்று ஒரு மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்தப் பெண்ணுக்குக் கீரை ஆகாது, தட்டைத் தள்ளிவிடுவாள் என்று முத்துலட்சுமி அலுத்துக்கொள்வாள். எனக்கு அது வசதியாக அமைந்தது. உரம் போட்ட பாத்தி ஒன்று, போடாத பாத்தி ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நாங்கள் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே அரிசி. ஒருத்தி சாப்பிடுகிறாள், ஒருத்தி சாப்பிடவில்லை. நீங்கள் என் மேஜையிலிருந்து எடுத்த நோட்டில் மு. என்றும் ஸ். என்றும் இருப்பது அதுதான்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் ஆறு மணிக்கே பள்ளி வாசலுக்குப் போய்விடுவேன். லஸ் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு ஷேர் ஆட்டோவையும் பார்ப்பேன். அவள் இறங்கி, செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் மகள்கூட அப்படி அவளுக்காகக் காத்திருந்திருக்க மாட்டாள்.

"கொஞ்சம் கசக்குது சார். தேங்கா போட்டா தெர்ல" என்றாள் முதல் வாரம். ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதுமதியைப் பார்த்தால் இரக்கமாக இருந்தது, இவ்வளவு படித்தும் ஒரு செடியை அடையாளம் தெரியவில்லையே என்று. அவளுக்கு நானே ஒருநாள் காபி வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் முத்துலட்சுமி கூட்டுவதற்கு நடுவே உட்கார ஆரம்பித்தாள். பசியே இல்லை என்றாள். "வவுத்துல கல்லு வெச்ச மாறி கீது சார்." நோட்டில் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் வேறு காரணங்களும் எழுதினேன்: வயது, குடிதண்ணீர், வெறும் வயிற்றில் டீ. ஒரே ஓர் ஆளை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது பாலபாடம். ஆகையால் தொடர்ந்தேன்.

அந்த மாதக் கடைசியில்தான் நான் உண்மையாகவே கலங்கிப்போனேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னாள், "எம்பொண்ணும் இப்பத் துன்னுது சார். சார் குடுத்ததுடீ, ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லிச் சொல்லி வழிக்குக் கொண்டாந்துட்டேன்."

மூன்று மாத உழைப்பு வீண். ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இல்லாமல் போய்விட்டது. உடனே, சின்ன வயசுப் பெண்களுக்கு இந்தக் கீரை ஆகாது, கொடுக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் பயந்துபோய் அன்றைக்கே நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் இன்று நன்றாக இருக்கிறாள் என்றால் அதற்கு நான்தான் காரணம். என் பக்கத்து நியாயமாக இதை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் அவள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. காமாலை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அங்கே போனால் முதல் கேள்வி என்ன சாப்பிட்டாய் என்பதாகத்தான் இருக்கும். அவளோ வாய் ஓயாதவள்.

"ஊர்ல காமாலைக்கு எல்லாரும் கீழாநெல்லிதானே குடிக்கறா? நான் பறிச்சுத் தரேன். மோர்ல அரைச்சுக் குடி. ஒரு மண்டலம் பாரு. அப்புறம் போகலாம்" என்றேன்.

"தெய்வம் சார் நீங்க" என்றாள்.

கீழாநெல்லியும் எங்கள் பாத்தியில் முளைக்கும் களைதான். தொகுப்பில் ஒன்பதாம் தாள். அதில் தவறே கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு அவள் பையில் என் கையால் இரண்டு கட்டு வைத்தேன், கீழாநெல்லி ஒன்று, வேலியோரத்துக் கீரை ஒன்று.

முதல் மழை பெய்து பத்து நாளில் செடி பூத்தது. மதுமதி பூவும் இலையுமாக எடுத்து அனுப்பினாள். நவம்பர் மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, பதில் வந்தது. போனை என் முன்னால் நீட்டினாள். அவள் சந்தேகப்பட்டதுதான். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள், என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு.

"இதுல என்ன சார் இருக்கு? ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு, யாருக்குமே தப்பும். நாமளே தாளை மாத்திடலாம், புதுப் பதிப்புலயும் திருத்திடலாம். வேற யாருக்கும் தெரியவே வேண்டாம். நல்லவேளை, யாரும் சாப்பிடல."

"யாரும் இல்லம்மா" என்றேன்.

ஐந்து மாதமாக நான் எதற்காக நடுங்கினேனோ அது இவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மத்தியானமே அவள் பக்கத்தில் உட்கார்ந்து புதிய தாள் எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது. நச்சுத்தன்மை உடையது, மனிதருக்கும் கால்நடைக்கும் ஆகாது என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முத்துலட்சுமி பாத்தியோரம் நின்றாள். கால் வீங்கி, வயிறு உப்பி, புடவை சரியாக நிற்கவில்லை. கையில் மடித்து வைத்த கட்டைப்பை. ஆடு இரண்டும் அவள் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தன.

"இன்னா சார், இன்னிக்குக் கீரை இல்லியா?"

இல்லை என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதை மதுமதியிடமும் கேட்பாள். கண்ணெதிரே வேலி நெடுக மழைக்குத் தழைத்து நிற்கிறது, தீர்ந்துபோயிற்று என்றும் சொல்ல முடியாது. அவள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்தேன், பறித்தேன், வாழைநாரால் கட்டினேன். இலை பெரிதாக இருந்ததால் கட்டும் எப்போதையும்விடப் பெரிதாக வந்தது. அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு இன்னும் மூன்று வெள்ளிக்கிழமை கொடுத்தேன். அந்த வாரம் கொடுத்துவிட்டு மறுவாரம் நிறுத்தினால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே. கடைசிக் கட்டை அவளால் குனிந்து வாங்க முடியவில்லை. நானே பையில் வைத்துக் கொடுத்தேன். தெரியாமல் கொடுத்ததும் உண்டு, தெரிந்து கொடுத்ததும் உண்டு. தெரிந்து கொடுத்தது நான்கு கட்டு. இதை மறைக்க நான் முயலவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள் போன் வந்தது. நானும் நீரஜாவும் கச்சேரிக்கு நடுவில் எழுந்து வந்து சபா கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதாகவும் அங்கே போய் இரண்டாவது நாளே முடிந்துவிட்டதாகவும் பள்ளிக் காவலாளி சொன்னான்.

"யாரு, ஸ்கூல்ல பெருக்கிண்டிருந்தாளே அவளா? பாவம்" என்றாள் நீரஜா. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏன்னா மொகம் இப்படி வெளுத்துப் போயிடுத்து?" என்றாள்.

மறுநாள் காலை ஏஜென்சியிலிருந்து வேறொருத்தி விளக்குமாறோடு வந்து நின்றாள். மருத்துவர் யாரும் பள்ளிக்கு வரவில்லை. விளக்கக் கடிதம் எதுவும் நான் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆடு இரண்டும் வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன. புதியவள் வைத்த தீவனத்தைத் தொடவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஸ்நேஹா வந்தாள். அம்மாவின் செருப்பும் டிபன் பாக்ஸும் கொட்டிலில் இருந்தன, எடுத்துக்கொண்டு போக வந்தாள். மதுமதி பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சார், வேலியோரத்துக் கீரையை எனக்கு மட்டும் குடுக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொன்னீங்களாமே. ஏன் சார்?"

குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. மதுமதி ரப்பர் குழாயைக் கீழே போட்டிருந்தாள். வேலியைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு தொகுப்பு இருக்கும் அறையைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். என் ஆயுளில் நான் அப்படிப் பயந்ததில்லை. குனிந்து, அவள் போட்ட குழாயை எடுத்து நானே பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். மற்றது உங்களுக்குத் தெரியும். அவர்கள் இருவரும் அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்தார்கள்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். தாள் திருத்தியாயிற்று, கையேட்டுக்கும் திருத்தம் போய்விட்டது. இனி எந்தப் பிள்ளையும் அதைத் தவறாகப் படிக்காது. ஒரு சந்தேகம் தீர்வதற்கு ஒரு விலை உண்டு என்றுதான் நான் பார்க்கிறேன். நான் யார் மேலும் விரோதம் வைத்துச் செய்யவில்லை. அது நல்ல கீரை என்ற நம்பிக்கையில்தான் ஆரம்பித்தேன்.

நேற்று நீங்கள் எழுந்து போகும்போது, கதவருகே நின்று கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அதற்கு மட்டும் பதில் பாக்கி. இருபத்தாறு வருடமாக நம்பினேன் என்கிறீர்களே, கீரை இல்லாமல் சோறு இறங்காத வீடு உங்களுடையது, அதை ஒரு நாளாவது வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். நீரஜாவும் கேட்டிருக்கிறாள். "ஸ்கூல்ல சும்மா மொளைக்கறதுங்கறேளே, ஆத்துக்கு ஒரு கட்டு கொண்டுவரப்படாதோ" என்பாள்.

கொண்டுபோனதில்லை, மேடம். ஓர் இலைகூட இல்லை. ஏன் என்று நானும் நேற்றிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. வீட்டில் மனுஷர்கள் சாப்பிடுகிறார்கள், அதுதான்.